ஒரு கைப்பிடி என்பது எவ்வளவு

வளைவில் மான் அடிபட்டுக் கிடக்கிறது என்று பால்காரர் வந்து சொன்னபோது, ஓட்டுநர் ஜீப்பின் பின்னிருக்கைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த வளைவு என்று கேட்காமல் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். சமையலறை வாசலில் பால் வாங்கிக்கொண்டிருந்த அவர் மனைவிதான் கேட்டாள்.

"எங்க, பாலத்துக்கிட்டயா?"

"இல்லக்கா, அதுக்கு முன்னாடி. உங்க வீட்டுக்காரர் பசங்களுக்கு மான் காட்டுவாரே, அந்த வளைவுதான். மரலாரி அடிச்சிருக்கும்போல. ஒரு காது கிழிஞ்ச மான்."

கிழிகாதுக்காரி என்று அதற்குப் பெயர் வைத்தவரே ஓட்டுநர்தான். காட்டு முகாமுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளையும் ஆராய்ச்சிக்காரர்களையும் இரண்டு மணி நேரச் சுற்றுக்கு ஏற்றிப் போவது அவர் வேலை. மனைவிக்கு முகாமின் சமையல். வண்டியை ஆள் நடக்கும் வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டார் என்பதால் அவருக்கு நத்தை என்று ஒரு பெயர் உண்டு. நத்தை வண்டியில் ஏறினால் மான் நிச்சயம் என்று நாலு பள்ளிக்கூடங்களில் பேச்சாகி, போன வருடம் முழுக்க ஒரு நாள்கூட வண்டி காலியாக நிற்கவில்லை.

மூன்றாம் அறையிலிருந்து ஆய்வு மாணவி பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தாள். இரண்டு வருடமாக முகாமிலேயே தங்கி, மான்கள் எங்கே மேய்கின்றன, எங்கே குட்டி போடுகின்றன என்று கணக்கெடுக்கிறாள். காடு முழுக்கக் கயிறு கட்டி, கட்டத்துக்குள் கிடக்கும் புழுக்கைகளை எண்ண வேண்டும். "கண்ணு கெட்டுப்போற அளவுக்குப் படிச்சுட்டு, கடைசியில புழுக்கை எண்ற உத்தியோகம்" என்று ஓட்டுநரின் மனைவி கிண்டல் செய்வாள். அவளும் சிரித்துக்கொண்டே, "நீங்களும் ஒரு நாள் வாங்கக்கா, உக்காந்து எண்ணலாம், பொழுது போகும்" என்பாள். ஓட்டுநர் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். "இன்னும் முடிக்கலண்ணே" என்றால், "முடிச்சாச்சுன்னே வெச்சுக்குவோம், எனக்கு இன்னொரு பேரு பழகாது" என்பார்.

அவளும் ஓட்டுநருமாக வளைவுக்குப் போனார்கள். மான் சாலையோரம் ஒருக்களித்துக் கிடந்தது. வெளியே ரத்தம் அதிகமில்லை. அவள் மண்டியிட்டு நாடாவால் உடலை அளந்தாள், குளம்புத் தடங்களைப் படம் எடுத்தாள். ஓட்டுநர் ஓரிடத்தை விட்டு நகரவில்லை. அவர் செருப்புக்கடியில் மண் தட்டுப்போலக் குழிந்து, நக்கி நக்கி வழவழவென்று இருந்தது. அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஓடவே இல்லண்ணே, பாருங்க. எல்லாம் நின்ன தடம். லாரிச் சத்தம் அவ்வளவு தூரத்துலேருந்து கேட்டிருக்கும். ஏன் ஓடல?"

அவர் செருப்பைக் குழிமேல் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"மடியில பால் இருக்கு. குட்டி எங்கயோ பக்கத்துலதான் நிக்கும்." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். "இதையும் அறிக்கையில சேர்த்துடறேன். சாயங்காலம் அனுப்பிடுவேன்."

அந்த அறிக்கைதான் ஒரு வாரமாக ஓட்டுநரை உறுத்திக்கொண்டிருந்தது. கிழக்குப் பள்ளத்தாக்கை மான்கள் கைவிட்டுவிட்டன, ஓடை வற்றியதால் குட்டி போடக்கூட இந்த வளைவுப் பக்கம் வந்துவிட்டன என்று அதில் எழுதியிருந்தாள். சாலைத்துறைக்காரர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். மான் இல்லாத பள்ளத்தாக்கு என்றால் அதன் நடுவே லாரிச் சாலை போட ஒரு தடையும் இல்லை. இதை அவள் ஒரு சாப்பாட்டு வேளையில் சந்தோஷமாகச் சொன்னாள், தன் எழுத்தை ஒரு அலுவலகம் மதிக்கிறது என்ற சந்தோஷம். ஓட்டுநர் பாதிச் சாப்பாட்டில் கைகழுவப் போனார்.

ஓடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிள்ளைக் கூட்டம் வந்தது. ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண், தலையில் முடியில்லை, காது மூடக் குல்லாய். இரண்டு மணி நேரம் சுற்றியும் நாலு காக்கையைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. மற்றப் பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். இறங்கும்போது அந்தப் பெண் அவர் கையைத் தட்டி, "பரவால்ல அங்கிள், அதுங்களுக்கும் உடம்பு சரியில்லையோ என்னவோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் மறந்திருப்பார். அடுத்த கூட்டம் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், சமையலறை டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி உப்பை அள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டுபோய் அந்த வளைவில் போட்டார். ஒரு தடவைதான் என்று நினைத்தார். ஆனால் அன்றைக்கு மானைப் பார்த்த பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு காலி வண்டியாகத் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. உப்புக்கு மான்கள் வந்தன, வண்டிச் சத்தத்துக்குப் பழகின, சத்தம் கேட்டால் ஓடவேண்டும் என்பதையே மறந்தன.

அன்று ஏழு மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் வந்தார்கள். மான் கிடந்த இடத்தை அதற்குள் சுத்தம் செய்தாயிற்று. குட்டி தென்படுகிறதா பார்க்கிறேன் என்று ஆய்வு மாணவியும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். புறப்படும் முன் பலகையில் இருப்பதை உரக்கப் படிக்க வேண்டியது ஓட்டுநரின் பொறுப்பு. "சத்தம் போடக்கூடாது. வண்டியை விட்டு இறங்கக்கூடாது. மிருகங்களுக்கு எதையும்…" அவருக்கு இருமல் வந்தது. ஆசிரியை முடித்துவைத்தாள்: "எதையும் குடுக்கக்கூடாது. உன்னைத்தான்டா சொல்றேன், பிஸ்கட்டை உள்ள வை."

அன்றைக்கு வளைவில் நிறுத்தாமலே போய்விட நினைத்திருந்தார். அவர் வேகத்துக்கு அதுவும் முடியவில்லை. ஜீப்பின் சத்தம் கேட்டதுமே புதருக்குள்ளிருந்து குட்டி வெளியே வந்தது. வண்டியைப் பார்த்தது. பிறகு நேராக அந்தக் குழிக்குப் போய்த் தலையைத் தாழ்த்தி நக்க ஆரம்பித்தது. பின்னால் பன்னிரண்டு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஐயோ, எவ்ளோ சின்னது."

"அம்மா எங்கடி அதுக்கு?"

"வரும், இரு."

ஒரு பையன் இருக்கைக்கு மேலே எம்பி ஓட்டுநரின் காதருகே கேட்டான்: "அங்கிள், அது என்ன நக்குது?"

எந்தக் கேள்விக்கும் ஒரு கதையோடு பதில் சொல்கிறவர். ஆய்வு மாணவியும் எழுதுவதை நிறுத்தி அந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருவம் மெல்லச் சுருங்குவதை ஓட்டுநர் பக்கவாட்டில் கண்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளே கண்டுபிடித்துவிடுவாள். அவளாகக் கண்டுபிடிக்க விடக்கூடாது என்று பட்டது.

"உப்பு" என்றார்.

"காட்டுல உப்பு இருக்குமா?"

"இருக்காதுப்பா. நான் போட்டது."

பையனுக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. "சூப்பர் அங்கிள்" என்று உட்கார்ந்துகொண்டான். ஆய்வு மாணவி அவர் பக்கம் திரும்பவில்லை. குட்டி புதருக்குள் போனதும் கதவைத் திறந்து இறங்கினாள். "மிஸ், அவங்க மட்டும் இறங்கறாங்க" என்று யாரோ புகார் சொன்னார்கள். குழியருகே குந்தி, விரல்நுனியை மண்ணில் அழுத்தி எடுத்து நாக்கில் வைத்தாள். அப்படியே வெகுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்து ஏறி, "போலாம்" என்றாள். அண்ணே என்ற சொல் அதில் இல்லை.

பிள்ளைகள் கையசைத்துக்கொண்டு போனபிறகு, சாப்பாட்டறை மேசையில் நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்து அவரைக் கூப்பிட்டாள். அழுது முகம் கழுவியிருந்தாள். கத்துவாள் என்று தயாராக வந்திருந்தவருக்கு அவள் நிதானம்தான் பயமாக இருந்தது.

"எந்த மாசத்துலேருந்து?"

சொன்னார்.

"நான் வந்த மாசம்" என்று எழுதிக்கொண்டாள். "வாரத்துக்கு எத்தனை தடவை?"

"கூட்டம் வர்றதுக்கு முந்தின நாளெல்லாம். ரெண்டு… மூணு."

"எவ்வளவு?"

"ஒரு கைப்பிடி."

"ஒரு கைப்பிடின்னா எத்தனை கிராம்?"

அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அவள் எழுந்துபோய், புழுக்கை நிறுக்கும் சின்னத் தராசைக் கொண்டுவந்து வைத்தாள். சமையலறையிலிருந்து உப்பு டப்பாவையும் எடுத்துவந்தாள்.

"டாக்டரம்மா, என்னை வேலையை விட்டு…"

"அப்படிக் கூப்பிடாதீங்க." பேனாவை மூடித் திறந்தாள். "ரெண்டு வருஷத்துல எதை வெச்சுக்கலாம், எதைத் தூக்கிப்போடணும்னு பாக்கணும். சாயங்காலம் அனுப்ப என்கிட்ட இப்போ ஒண்ணுமில்ல. அது தப்புன்னு எழுதி அனுப்பறதுக்காவது ஒரு கணக்கு வேணும். அள்ளுங்க."

அள்ளித் தராசில் போட்டார். நாற்பத்தெட்டு. எழுதினாள்.

"மறுபடியும். பத்துத் தடவை எடுத்துச் சராசரி பாக்கணும்."

ஐம்பத்தொன்று. நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. ஏழாம் தடவை முப்பத்தெட்டுக்கு இறங்கியது.

"கை நடுங்குது. அன்னிக்கு எப்படி அள்ளினீங்களோ அப்படி அள்ளுங்க."

"அன்னிக்குச் சந்தோஷமா அள்ளினேம்மா" என்றார் அவர்.

அவள் முப்பத்தெட்டையும் எழுதிக்கொண்டாள். பத்தும் முடிந்ததும் கூட்டி வகுத்துக் கீழே கோடு போட்டாள். "நடுவுல விட்டுப்போன நாள் எதுவும் உண்டா? ஊருக்குப் போனது, உடம்பு முடியாம இருந்தது?"

"போன மழைக்கு ஜுரத்துல பதினஞ்சு நாள் படுத்திருந்தேன். வேற ஆளுதான் வண்டி ஓட்டினாரு. அப்போ போடல."

"அப்பவும் மான் வந்திருக்கே. என் எண்ணிக்கை குறையவே இல்ல." பக்கங்களைப் புரட்டினாள். அவள் குரலில் ஒரு கணம் நம்பிக்கை எட்டிப்பார்த்தது. "பதினஞ்சு நாள் உப்பே இல்லாம வந்திருக்குன்னா…"

சமையலறை வாசலில் ஓட்டுநரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி மேசைக்கு வந்தாள். கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பதினஞ்சு நாளும் நான் போட்டேன்" என்றாள். "பசங்க ஏமாந்து திரும்பினா இவரு ஜுரத்தோட எழுந்து போயிடுவாருன்னு."

ஆய்வு மாணவி ஸ்கேலை எடுத்து, பக்கத்தில் இன்னொரு கட்டம் கிழித்தாள். தராசுத் தட்டைத் துடைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். ஓட்டுநரின் மனைவி உப்பு டப்பாவுக்குள் கையைவிட்டு அள்ளி எடுத்தாள். கணவனின் கையில் பாதிகூட வராத சின்னக் கை. விரலிடுக்கு வழியே மேசையில் உப்பு மெல்லிய கோடாகக் கொட்டிக்கொண்டிருக்க, தட்டுக்கு மேலே அதை மூடிப் பிடித்தபடி, "இப்போ விடலாமா?" என்று கேட்டாள்.