அப்படியே உருகிடுச்சு

எனக்கு வாய் நீளம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் கை சுத்தம். பதினான்கு மாதமாக எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து ஐஸ்கிரீம் போகிறது. ஃபோனில் ஆர்டர் போட்டால் மறுநாள் வாசலில் பெட்டி நிற்கும். உருகி வந்தது என்று ஒருத்தர் சொன்னதில்லை. "வீட்டுல செய்யறதுதானே" என்று யாராவது இழுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாலைக் காய்ச்சுவதும் பழம் சேர்த்துக் கடைவதும் நான். என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கள் ஃப்ரீசர்கள் மூன்றும் யாரோ வேண்டாமென்று தள்ளியவை, அவர் கைபட்டு உயிர் பிழைத்தவை. ஆர்டர் எடுக்கிற வலைப்பக்கத்தையும் வீடியோ பார்த்துப் பார்த்து அவரே செய்தார். பெட்டி கட்டி, ஸ்கூட்டரில் ஏற்றி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் நாத்தனார்.

அவளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்துக் கிடங்கில், குளிர் அறையில், ஆறு வருஷம் வேலை பார்த்தவள். ஒரு நாள் அங்கே மெஷின் நின்றுபோய் ஊசி மருந்தெல்லாம் சூடாகிவிட்டது. மெஷினைத் திட்ட முடியுமா? இவள் தலையில் பழியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் எட்டு மாதம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்தான் ஒரு நாள் கத்தினேன். "தெர்மாகோல் பெட்டியும் டிரை ஐஸும் உன்னைவிட யாருக்குடீ தெரியும்? எழுந்திரு!" எழுந்தாள். அன்றிலிருந்து வாடிக்கையாளர் கண்ணெதிரே வெப்பமானியைக் காட்டாமல் அவள் ஒரு பெட்டியைக்கூடக் கைமாற்றியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் உள்ளூர உதறல். "குளிர்பெட்டி வண்டி வச்சிருக்கிற கம்பெனிகிட்ட டெலிவரியை விட்டுடலாம். ஸ்கூட்டர்ல எத்தனை நாள் ஓடும்? ஒண்ணே ஒண்ணு உருகட்டும், அப்புறம் யார் பேச்சையும் கேட்க மாட்டேன்" என்பார். தங்கைமேல் பாசம் இல்லாமல் இல்லை. இன்னொரு பழி வந்தால் அவள் தாங்கமாட்டாள் என்ற பயம்தான். பாசமாவது பயமாவது, வேலையைப் பிடுங்கினால் அவள் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள் என்பது அவர் மண்டைக்கு ஏறவே இல்லை.

போன வியாழக்கிழமை காலை, நான் சாக்லேட் கலவையைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன். அவர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"வந்துடுச்சு, பாரு."

எங்கள் வலைப்பக்கத்துக் கருத்துப் பெட்டியில் ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "நேத்து பெட்டியைத் திறந்ததும் அப்படியே உருகிடுச்சு".

எனக்கு அடுப்பை அணைக்கக்கூடக் கை வரவில்லை. பக்கத்தில் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். துடைத்த மூடியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"இது எந்த வீடு?" என்று கேட்டேன்.

"அந்த நாலு மாடிக் கட்டடம் அண்ணி. மாம்பழம், ஒரு கிலோ. வாசல்லயே காட்டினேன், மைனஸ் பதினாறு இருந்துச்சு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நிஜமா இருந்துச்சு அண்ணி."

"நீ சொன்னா சரிதான்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "மைனஸ் பதினாறுன்னா எப்படி உருகும்? வெப்பமானி கெட்டுப்போயிருக்கலாம். யார் மேலயும் தப்பு சொல்லலம்மா. ஆனா நான் அந்த வண்டிக் கம்பெனிக்குச் சொல்லிட்டேன். திங்கட்கிழமையிலேருந்து அவங்க வந்து எடுத்துப்பாங்க."

"சொல்லிட்டீங்களா? யாரைக் கேட்டு?"

"எல்லாம் அவ நல்லதுக்குத்தான்."

"அவ நல்லது அவளுக்குத் தெரியும். நீங்க கம்ப்ரெசரைப் பாருங்க!"

அடுப்பை அணைத்தேன். ஃப்ரீசரிலிருந்து புதுசாக ஒரு கிலோ மாம்பழத்தை எடுத்தேன். உருகியது உண்மையானால் மாற்றுப் பெட்டி கொடுத்து மன்னிப்புக் கேட்பது, பொய்யானால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது. இரண்டுக்கும் தயாராகத்தான் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினேன். சிக்னலில் நின்றபோது நாத்தனார், "இதோட போதும் அண்ணி. அண்ணன் சொல்றபடியே விட்டுடலாம்" என்றாள். அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அந்த வீட்டு மருமகள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. உருகிப்போன ஐஸ்கிரீமை வாங்கியவள் சிரிக்கிற சிரிப்பா அது? எனக்கு ஏறின கோபம் எங்கே இறங்குவது என்று தெரியாமல் நின்றது.

"உருகிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. அதான் வேற கொண்டு வந்திருக்கோம்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஐயையோ! ஐஸ்கிரீமா? அது கல்லு மாதிரி இருந்துச்சுங்க. உருகிடுச்சு எங்க மாமியார் மனசுன்னுதானே எழுதினேன்?"

"என்னது?"

"நேத்து பெட்டியைத் திறந்ததும் அப்படியே உருகிடுச்சு எங்க மாமியார் மனசு. இதைத்தான் எழுதினேன். ஏன், பாதிதான் வந்துச்சா?"

நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் எதையோ எண்ண ஆரம்பித்தன. ஒருமுறை எண்ணி, நின்று, மறுபடி எண்ணினாள்.

"அண்ணி, கருத்துப் பெட்டியில ஐம்பது எழுத்துக்கு மேல போகக் கூடாதுன்னு அண்ணன் வச்சிருக்கான். இவங்க எழுதினது மொத்தமே முப்பத்தஞ்சு எழுத்துதான். ஆனா அந்த மெஷின் கொம்பு, கால், புள்ளி, நடுவுல விடற இடம் எல்லாத்தையும் தனித்தனி எழுத்தா எண்ணியிருக்கு. 'உருகிடுச்சு' வந்ததும் ஐம்பது ஆயிடுச்சு, மிச்சத்தை வெட்டிடுச்சு!"

என் வீட்டுக்காரர் அந்தக் கருத்துப் பெட்டியைச் சோதித்துப் பார்த்தது இங்கிலீஷில். அங்கே கொம்பு ஏது, புள்ளி ஏது? பதினான்கு மாதமாக எங்களுக்கு வந்த பாராட்டெல்லாம் பாதியில் நிற்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ஒருத்தர் "ரொம்ப" என்று முடித்திருந்தார். ரொம்ப இனிப்பா, ரொம்ப மோசமா என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறோம். சுருக்கமாகப் பேசுகிற வாடிக்கையாளர்கள் நமக்கு வாய்த்திருக்கிறார்கள் என்று நினைத்தது என் புத்தி.

சிரித்து முடிவதற்குள் அந்த மருமகள் எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலில் அவள் மாமியார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கட்டு. தொண்டையில் ஆபரேஷன், ஒரு வாரம் பேசக் கூடாதாம்.

"நாலு நாளா ஒரு வாய் சாப்பிடல. வலின்னு எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டாங்க. டாக்டர் ஐஸ்கிரீம் கொடுங்கன்னார், அதையும் வேணாம்னுட்டாங்க. நேத்து உங்க பெட்டியைத் திறந்து இதைப் பார்த்தாங்க" என்று பக்கத்து மேஜையைக் காட்டினாள்.

ஒரு கிலோ டப்பாவைக் காணோம். எட்டுச் சின்னக் கிண்ணங்கள். நான் செய்து கொடுத்தது ஒரே டப்பா, அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மூடியிலும் என் நாத்தனாரின் குண்டு குண்டு எழுத்து. 'காலைக்கு. ஐந்து நிமிஷம் வெளியில் வைத்தால் மெத்தென்று இருக்கும்.' 'மதியத்துக்கு. நார் இல்லாமல் இரண்டு தடவை வடிகட்டியது.' 'விழுங்கும்போது வலிக்கிறதா? முதல் கரண்டிதான் அப்படி.' இரண்டு கிண்ணங்கள் காலியாக இருந்தன.

"எப்போடீ செஞ்சே இதை?"

"ஆர்டர் குறிப்புல தொண்டை ஆபரேஷன்னு போட்டிருந்தாங்க அண்ணி. உறையறதுக்கு முன்னாடி வடிகட்டி ஊத்தினேன். உங்ககிட்ட சொன்னா, என் ஐஸ்கிரீம்ல நாரான்னு சண்டைக்கு வருவீங்க."

வந்திருப்பேன். அதிலென்ன சந்தேகம்?

அந்த அம்மா ஒரு நோட்டை எடுத்து எழுதி எங்கள் பக்கம் திருப்பினார். 'இதை எழுதினது யாரு?' என் கை என்னைக் காட்டியே பழகியது. அன்றைக்கு அவளைப் பிடித்து முன்னால் தள்ளியது. "இவதாங்க. எங்க வீட்டுப் பொண்ணு" என்றேன். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொட்டார். எனக்கு அப்படி ஒரு பெருமை. என் பிள்ளைகள் பரிசு வாங்கியபோதுகூட நான் அந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை.

வீடு திரும்பியதும் என் வீட்டுக்காரரிடம் நடந்ததைக் கொட்டினேன். அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். "இருபத்தஞ்சுதானே வந்திருக்கு? அதுக்குள்ளயா வெட்டிடுச்சு?"

"உங்களுக்கு இருபத்தஞ்சு. மெஷினுக்கு ஐம்பது. இது புரிய உங்களுக்குப் பதினாலு மாசம்" என்றேன்.

அந்தச் சமயம் பார்த்து ஃபோன் அடித்தது. வண்டிக் கம்பெனி. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்கள். அவர் திருதிருவென்று விழித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"வண்டி வேணாம் சார். டெலிவரி பண்றது நான்தான்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். "பதினாலு மாசம் சார். என் கைக்கு வந்த ஒரு பெட்டிகூட உருகினதில்ல."

ஃபோனை அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். அடுத்த ஆர்டர் எந்த வீட்டுக்கு என்று கேட்டுக்கொண்டே அவள் மாடி ஏறிப் போனாள்.