தூக்கிக் கட்டிய கம்பி

விபத்து நடந்து கொஞ்ச நேரம் கழித்து இஸ்திரி அறையில் இருந்தவர்கள்: சூப்பர்வைசர், முதலாளி, விரிப்பு மடிக்கிற அக்காளும் தங்கையும், வண்டி தள்ளுகிற ஊமைக்குசும்பன். இல்லாதவன் ஒல்லி, சூப்பர்வைசரின் மைத்துனன். அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலது கை உருளைக்குள் போய்விட்டது.

ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்புகிற இடம் அது. கையால் தேய்ப்பதெல்லாம் கிடையாது. கட்டில் நீளத்துக்கு ஓர் உருளை, கொதிக்கக் கொதிக்கச் சுற்றும். விரிப்பின் நுனியைக் கொடுத்தால் இழுத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு கம்பி. விரல் பட்டால் மிஷின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தடித்த விரிப்பின் ஓரம் பட்டாலும் நின்று தொலைக்கும். அதனால் கிழிந்த தலையணை உறையை நாடாவாகக் கீறி, கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுவார்கள். காலையில் யார் முதலில் மிஷினைத் தொடுகிறார்களோ அவர்கள் வேலை அது. சூப்பர்வைசருக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருக்கவும் தெரியும்.

இன்றைக்குக் கட்டியது ஒல்லி.

"அவனே கட்டி அவனே கையை விட்டா நான் என்னய்யா பண்ண முடியும்?" முதலாளி அந்த நாடாவைக் காட்டிக் காட்டிப் பேசினார். "நல்லா பாரு, இதுதான் சாட்சி. ஒரு பைசா கிடைக்காது. பேசாம வீட்ல வெந்நீர் கொட்டிடுச்சுன்னு சொல்லச் சொல்லு. மருந்துச் செலவை நான் பாத்துக்கிறேன். உன் மச்சான்ங்கிறதால இவ்வளவு சொல்றேன்."

"வெந்நீர் கொட்டினா விரல் நசுங்குமா சார்?" என்றாள் அக்கா.

"நீ மடிக்கிற வேலையைப் பாரு."

"மடிக்கத் துணி வரணுமே. மிஷின்தான் நிக்குதே."

தப்பு யார் மேலோ நஷ்டமும் அவன் தலையில்தான், சூப்பர்வைசருக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவே. ஒல்லியை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததும் அவர்தான்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி.

"என்னங்க, இங்க எழுதறதுக்குக் கேக்கறாங்க. வேலையில நடந்துச்சா, வீட்லயான்னு. என்ன சொல்ல? உடனே ஆபரேஷனாம். ரெண்டு விரல் தேறுமான்னே தெரியலையாம்."

"கொஞ்சம் இரு, யோசிச்சு சொல்றேன்."

"இதுல என்ன யோசனை? என் தம்பி கை எங்க மாட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியாது?"

வைத்துவிட்டாள். சூப்பர்வைசருக்குக் காது சுட்டது. சுவரில் கடிகாரத்துக்குக் கீழே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அட்டை தொங்கியது. விபத்து என்றால் கூப்பிட வேண்டிய எண் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் அழுத்தினார். பக்கத்து அறையில் துணி உலர்த்தும் மிஷின்கள் இரைந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"யோவ், யாருக்குய்யா போன்?" என்றார் முதலாளி.

ஒரு பெண் குரல் எடுத்தது. அவசரமே இல்லாத குரல். "வேலை நேரத்துல, வேலை செய்யுற இடத்துல நடந்ததா?"

"ஆமா மேடம்."

"உங்க கம்பெனிக்கு எப்ப தெரியும்?"

"எனக்கு யாரும் முறையா சொல்லலை!" முதலாளி போனைப் பார்த்துக் கத்தினார்.

"முதல்ல கூப்பிட்டீங்களே, நீங்க யாரு?"

"சூப்பர்வைசர். என் கண்ணு முன்னாலதான் மேடம் அலறினான்."

"அப்ப கம்பெனிக்குத் தெரிஞ்சாச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா முதலாளிக்குத் தெரிஞ்ச கணக்குதான்."

சூப்பர்வைசர் போன் பக்கம் குனிந்தார். மறைத்து என்ன பயன்? "ஆனா மேடம், தடுப்புக் கம்பியைத் தூக்கிக் கட்டினது அவன்தான்."

முதலாளியின் முகம் மலர்ந்தது.

"தப்பு யாரோடதுன்னு நான் கேக்கவே இல்லையே," என்றது குரல். "வேணும்னே கையை விட்டாரா?"

"யாராவது விடுவாங்களா, பைத்தியமா அவன்?" இது அக்கா.

"அப்ப வைத்தியமும் உண்டு, வேலைக்கு வர முடியாத நாளுக்கு ஈடும் உண்டு. அடிபட்டா உடனே சொல்றதும் டாக்டரைப் பாக்குறதும் அவர் பொறுப்பு. எங்களுக்குத் தெரியப்படுத்துறது கம்பெனி பொறுப்பு. கம்பி கம்பியா இருக்கான்னு பாத்துக்கறதும் கம்பெனிதான். எங்க ஆள் இப்பவே கிளம்பி வர்றார். அதுவரைக்கும் மிஷின்ல ஒண்ணையும் தொடாதீங்க. கட்டினது கட்டினபடியே இருக்கட்டும்."

சூப்பர்வைசருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். "வேலையிலன்னு சொல்லு! ஆமா, வேலையிலதான்! சத்தமா சொல்லு!" தங்கை கைதட்டிவிட்டாள்.

முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு நேரம் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நாடா இப்போது தன்னையே மாட்டிவிடப் போகிறது என்று உறைத்ததும், கிழிசல் தைக்கிற மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நேரே மிஷினுக்கு ஓடினார்.

"சார், அது சாட்சின்னீங்களே!" அக்கா கூவினாள். "சாட்சியை எதுக்கு சார் வெட்டுறீங்க?"

ஊமைக்குசும்பன் தன் வேலையைப் பார்த்தான். ஈர விரிப்பு மலையாகக் குவிந்த வண்டியை ஒரு தள்ளு தள்ளினான். அது போய் முதலாளிக்கும் உருளைக்கும் நடுவே நின்றது. அவர் இந்தப் பக்கம் சுற்றினார். வண்டியும் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் சுற்றினார். அங்கே தங்கை ஒரு பெரிய விரிப்பை உதறி விரித்து, "பாத்து சார், தரை வழுக்கும்," என்றாள்.

அதற்குள் சூப்பர்வைசர் அவர் முழங்கையைப் பிடித்துவிட்டார். கத்தரிக்கோல் கைமாறியது.

"என் கம்பெனியில என்னையே பிடிக்கிறியா? இன்னியோட உன் சீட்டு கிழிஞ்சுது!"

"போன் பண்ணதுக்கு வேலையை விட்டு எடுக்கலாமான்னு அந்த மேடத்தையே கேட்டுப்போம் சார். முதல்ல வெளிய வாங்க."

"நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும் சார். அதான் கூட்டிட்டுப் போறேன்."

முதலாளி ஏசிக்கொண்டே வாசற்படியைத் தாண்டினார். அவருடைய இரண்டாவது காலும் வெளியே போனதும் சூப்பர்வைசர் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினார்.