கடற்பஞ்சு அலம்பின தண்ணீர்

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரி. ரயிலில் மீன் கூடை ஏறிவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் பெட்டி மாறுகிற ரகம். அப்படிப்பட்டவளை, எண்பத்து நாலில் தேவ்நாரில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில், கடற்பஞ்சு அரைக்கிற வேலையில் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகாராணியா?

பெயர்தான் பஞ்சு, உண்மையில் அது உயிருள்ள பிராணி. கடலடியில் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. அப்படியும் கிருமி அண்டாமல் பிழைக்கிறதென்றால் அதன் உடம்பில் ஏதோ மருந்து இருக்க வேண்டும் என்று எங்கள் தலைவர் ஜகந்நாதன் சார் அடித்துச் சொன்னார். மண்டபம் கடற்கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் பஞ்சை நான் அலம்பி, அரைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் சாறு எடுப்பேன். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதன்மேல் சாற்றை வைப்பேன். மூன்று மாதம் வைத்தேன். கிருமிகள் அந்தச் சாற்றிலேயே ஜம்மென்று குடித்தனம் நடத்தின.

"அடுத்த சனிக்கிழமையோட இதை மூடணும்னு மேலேர்ந்து சொல்லிட்டா, ஷ்யாமளா. உன் போஸ்ட்டும் இதோட சேர்ந்ததுதான்" என்றார் சார்.

வேலை போவதைவிட, ஒரு பஞ்சிடம் தோற்றுப்போனதுதான் ஆத்திரமாக இருந்தது.

மூன்று நாள் விடுமுறை முடிந்து புதன்கிழமை போனேன். கண்ணாடிச் சாமான் கழுவும் மர்யம் வாசலிலேயே நின்றிருந்தாள். தாராவிக்காரி, என் வயதுதான். எங்கள் கூடத்தில் காலையில் இரண்டு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அதனால் கழுவிய தண்ணீரை அவள் கொட்டவே மாட்டாள். தரை துடைக்க பால்டியில் பிடித்து வைத்துவிடுவாள்.

"யக்கா, இங்க வந்து பாருங்க. இது சாமான் கழுவுன தண்ணி. மூணு நாள்ல வழவழன்னு ஆயி நாறுது. இது ஒங்க பஞ்சு கழுவுன தண்ணி. இதுக்கு ஒண்ணுமே ஆவல, பாத்தியளா?"

"சோப்பு ஏதாவது போட்டியா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல யக்கா. நீங்க ஏழு தடவ கழுவுனத அப்பிடியே புடிச்சு வச்சேன்."

ஏழு தடவை! என் காதெல்லாம் சூடாகிவிட்டது. மண் போக ஒரு தடவை அலசினால் போதும் என்றுதான் செய்முறைக் குறிப்பில் இருந்தது. நாற்றம் போக ஏழு தண்ணீர் விட்டு அலம்பாமல் நான் அதைத் தொட்டதே இல்லை. வீட்டு ஆசாரத்தை வேலைக்குக் கொண்டுவந்து, மருந்தையெல்லாம் தரை துடைக்க அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அப்போதே அந்தத் தண்ணீரை வடிகட்டி, ஒரு காகித வில்லையை அதில் நனைத்துக் கிருமித் தட்டில் வைத்தேன். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் உப்புத் தண்ணீரில் நனைத்த வில்லை ஒன்று.

மறுநாள் காலை தட்டைத் திறந்தேன். உப்பு வில்லையை ஒட்டிக் கிருமி அப்பிக் கிடந்தது. பஞ்சுத் தண்ணீர் வில்லையைச் சுற்றி, நாலணா அளவுக்கு, துடைத்துவிட்டாற்போல் ஒரு வட்டம். அதற்குள் ஒரு கிருமி இல்லை. நான் போட்ட கூச்சலில் மர்யம் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்டி!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். என் புடவையெல்லாம் சோப்பு நுரை.

சார் ஸ்கேல் வைத்து அளந்தார். "இருபது மில்லிமீட்டர்" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "மூணு மாசமா இந்த வட்டம் ஏன் வரலே?"

பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன்.

"ஒவ்வொரு தடவையும் ஏழா?"

"ஏழுதான் சார். ஒரு நாள்கூடக் குறைச்சதில்லே."

சார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "அசடே! இந்த மருந்து தண்ணியிலேயே மொத்தமாக் கரைஞ்சுடறதுன்னு மூணு மாசமா நீயே நிரூபிச்சிண்டிருந்திருக்கே! ஊசி மருந்துக்கு அதுதானே வேணும்?"

உடனே மேலதிகாரிக்கு ஃபோன் போட்டார். "மூடறதாவது! இன்னும் நாலு பெட்டி பஞ்சு வேணும். ஷ்யாமளா இங்கேயேதான் இருப்பா" என்று அதட்டினார். ஃபோனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "முதல்ல கவனிச்சது யாருன்னு ரிப்போர்ட்ல எழுதணுமே."

"மர்யம்" என்றேன்.

வாசலில் நின்றிருந்த மர்யம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"முழுப் பேரா எழுதுங்க சார். மர்யம் பீவி."