தீக்காய வார்டின் நல்ல தண்ணீர்

2007ஆம் வருசம் சித்திரை மாதம், சிவகாசிக்கும் விஸ்வநத்தத்துக்கும் நடுவிலிருந்த பொன்னுத்தங்கம் நினைவு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில், சுவரில் மாட்டியிருந்த டிவியிலிருந்து தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். அதில் துவரம்பருப்பு ஒரே கொதியில் வெந்தது, சோப்பு நுரைத்தது, சோறு மஞ்சள் பாரிக்கவில்லை. உப்புத் தண்ணீர் குடித்தே பல் கறைபட்டுப்போன அந்த வட்டாரத்தில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. என்றைக்கு வரும் என்றுதான் கேட்பார்கள். ஆகவே யாரும் மலைத்து நிற்கவில்லை. குடம் எடுக்கப் போனார்கள்.

ஆஸ்பத்திரியைத் தாயார் பேரில் கட்டியவர் பட்டாசு முதலாளி கனகசபாபதி. தன் கம்பெனியில் வெந்தவர்களைத் தன் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைப்பதற்குத் தர்மம் என்று அவர் பெயர் வைத்திருந்தார். முன்கூடத்துக்குப் பளிங்கு போட்டார். பின்னால் தண்ணீருக்குப் போட்ட போரில் காற்றுதான் வந்தது. ஆனைக்குட்டம் அணையிலிருந்து குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவரலாம் என்று பெரிய டாக்டர் கெஞ்சிக்கொண்டிருந்த சமயத்தில், முதலாளியின் மகன் ஸ்ரீராம்குமார் வெளிநாட்டில் நிர்வாகப் படிப்பை முடித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரிப் பொறுப்பை எடுத்துக்கொண்டான். நோயாளிகளுக்கு முதலில் வேண்டியது அறிவு என்பது மகனின் கண்டுபிடிப்பு. பூமிக்குள் புதைக்கிற குழாய் யார் கண்ணுக்கும் தெரியாது, டிவி எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு. இரண்டும் சேர்ந்ததில், குழாய் வர வேண்டிய இடத்துக்கு அட்டைப்பெட்டிகளில் டிவிகள் வந்து இறங்கின. முன்கூடத்தில் முதலாளியின் வாழ்க்கை வரலாறு ஓடியது. பிரசவ வார்டில் குடும்பக் கட்டுப்பாடு ஓடியது, பிள்ளை பெற்றபின் பார்த்துக்கொள்வதற்கு. தீக்காய வார்டுக்குக் கை கழுவும் பாடம் ஒதுக்கப்பட்டது.

அந்தப் பாடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு வெளிதேசத்து அம்மாள், பளபளவென்றிருக்கும் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காட்டுவார். பின்னாலிருந்து ஒரு குரல், ‘ஓடும் நீரில் கைகளை நன்றாக நனைக்கவும்’ என்று சுத்தத் தமிழில் சொல்லும். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் இதே பாடம்தான். படுத்திருந்தவர்களில் பாதிப்பேருக்குக் கையெல்லாம் கட்டு. சிலருக்குத் தேய்ப்பதற்கு விரலே இல்லை. எப்போதாவது வந்த டேங்கர் தண்ணீரில் முக்கால்வாசி முன்கூடத்துப் பளிங்கைத் துடைக்கப் போனது. மிச்சம் ஆபீஸ் கக்கூசுக்கு. வார்டு நர்ஸ் கீர்த்திகா ஸ்பிரிட்டைத் தொட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கட்டுப் பிரிப்பாள். தலைக்கு மேலே அந்த அம்மாள் கழுவிக்கொண்டே இருப்பார்.

அங்கே கிடந்தவர்களில் உதுமான் பட்டாசுத் தொழிலாளி அல்ல. அச்சாபீஸ்களில் விழும் கழிவுக் காகிதத்தை வாங்கி, பட்டாசுக் கம்பெனிகளுக்கு லோடு அடிக்கும் வியாபாரி. கனகசபாபதியின் கம்பெனியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறை வெடித்து, இடுப்புக்குக் கீழே வெந்துபோனார். தினமும் நல்ல தண்ணீரில் புண்ணைக் கழுவாவிட்டால் வலது காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். உதுமானின் மனைவி பீவி ஜான் சைக்கிளில் தண்ணீர் விற்கிறவரிடம் குடம் குடமாக வாங்கிப் பார்த்தாள். கோடை முற்றியதும் அந்த ஆளும் வருவதை நிறுத்திவிட்டார். புண்ணில் வாடை வந்தது. உதுமான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய்விடு என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்குப் பீவி ஜான் காலிக் குடத்தோடு டிவிக்கு நேரே போய் நின்றாள். “ஏ புள்ள, கொளாய மூடிட்டாவது பேசேன்,” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். “இங்கன ஒரு மனுசன் அழுகிக் கெடக்காரு. எம்புட்டுத் தண்ணி வீணாப் போவுது! மூட மனசில்லன்னா இங்கிட்டாவது தள்ளி விடு!”

வெள்ளைக் கோட்டு அம்மாள் தேய்ப்பதை நிறுத்தினார். பீவி ஜானையும் அவள் இடுப்பிலிருந்த குடத்தையும் பார்த்தார். தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் காலிக் குடம் புரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் வெட்கப்பட்டாற்போலக் குழாயின் மூக்கைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். தண்ணீர் கண்ணாடியைத் தாண்டி வந்து குடத்தில் விழுந்தது. கீர்த்திகா முதலில் தன் இரண்டு கையையும் நீட்டினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த வார்டில் அவள் முதல்முறையாகக் கை கழுவியது அன்றுதான்.

ஆடி பிறப்பதற்குள் உதுமானின் புண் சிவந்து, சதை வைத்து, கால் தப்பியது. மற்றவர்களுக்கும் வாடை நின்றது, ஈ போயிற்று. செய்தி கேட்டு விஸ்வநத்தத்துப் பெண்கள் வரிசை கட்டினார்கள். நோயாளிகளுக்குப் பிடித்த பிறகுதான் ஊருக்கு என்று பீவி ஜான் சட்டம் போட்டாள். கரண்டு போனால் தண்ணீரும் நின்றுவிடும். அப்போதெல்லாம் மின்சார ஆபீசைத் திட்டினார்களே தவிர டிவியை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.

ஸ்ரீராம்குமாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. தண்ணீர் வருவது பற்றி அவனுக்கு ஆட்சேபம் இல்லை; அதனால் யாரும் பாடத்தைக் கவனிப்பதில்லை என்பதுதான் அவன் குறை. மதுரையிலிருந்து டிவிக் கம்பெனி ஆளை வரவழைத்தான். வந்தவர் ஸ்டூலில் ஏறி முழுக்க நனைந்து, படத்தில் கோளாறு இல்லை, சத்தத்தில் கோளாறு இல்லை, தண்ணீர் வாரன்டியில் வராது என்று சொல்லிவிட்டு, போகும்போது ஒரு கேன் பிடித்துக்கொண்டு போனார்.

கனகசபாபதி நேரில் வந்து ஒரு தம்ளர் குடித்துப் பார்த்தார். பிறகு, தன் டிவியில் வருகிற தண்ணீரை இத்தனை பேர் குடித்தும் தன் பெயர் எங்கேயும் இல்லையே என்று முகம் சுருங்கினார். தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. வார்டிலேயே ஒரு விழா வைப்பது, குத்துவிளக்கு ஏற்றுவது, அதே டிவியில் தன் கம்பெனி விளம்பரத்தையும் தன் உரையையும் போட்டுக் காட்டுவது, அதன்பின் தண்ணீரை முறைப்படி ஊருக்கு அர்ப்பணிப்பது என்று முடிவாயிற்று.

கீர்த்திகா போய் ஸ்ரீராம்குமாரிடம் சொன்னாள். “சார், தண்ணி வந்த மாதிரி வெடியும் வெளிய வந்துட்டா என்ன செய்ய? உள்ள படுத்திருக்கவுக பூராம் ஏற்கெனவே வெந்தவுக சார்.”

“டிவியில வெடிச்சா வெளிய வருமா? நர்சிங் படிச்சவதான நீ?” என்றான் அவன். அப்போது அவன் டிவிக்குக் கீழே பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிவிட்டு, குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

பீவி ஜான் அவனிடம் வாதாடவில்லை. விழா அன்று காலையிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டு கட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டாள். காலியான இடத்தில் விருந்தாளிகளுக்கு நாற்காலி போட வசதியாயிற்று என்று ஸ்ரீராம்குமார் சந்தோசப்பட்டான்.

விளக்கு ஏற்றினார்கள். முதலில் விளம்பரம். திரை முழுக்க வாணம் சீறியது, பூ பூவாக வெடித்தது. வராந்தாவில் கிடந்தவர்கள் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள். ஒரு பொறிகூட வெளியே வரவில்லை. அத்தனையும் கம்ப்யூட்டரில் செய்தது, ஒரு மத்தாப்பைக்கூடக் கொளுத்தவில்லை என்று படம் எடுத்த ஆள் பெருமையாகச் சொன்னார். “பாத்தீகளா, நம்ம சரக்கு எம்புட்டுப் பாதுகாப்புன்னு,” என்று கனகசபாபதி முன்வரிசையிலிருந்து சிரித்தார்.

அடுத்தது அவருடைய உரை. அதைக் கம்ப்யூட்டரில் செய்யவில்லை. தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று, வெடிக்கு மருந்து செலுத்துகிற அறையின் வாசலில் அவரை நிறுத்தி, பின்னால் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எடுத்திருந்தார்கள். என் தொழிலாளர்கள் எனக்குப் பிள்ளைகள் மாதிரி என்று திரையிலிருந்தவர் தொடங்கியதுமே, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சாம்பலும் வெள்ளியும் கலந்த பொடி மெல்லப் பறந்து வெளியே வந்தது. கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அசல் கனகசபாபதியின் வேட்டியில் படிந்தது, கழுத்து மாலையில் படிந்தது. விருந்தாளிகள் ஏதோ ஜிகினா என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வராந்தாவிலிருந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். உதுமான் முழங்கையை ஊன்றி எழுந்து அலறினார். “அண்ணாச்சி, மருந்து! எந்திரிச்சு வெளிய வந்துருங்க! மருந்து!”

“மருந்தெல்லாம் நேரத்துக்கு நர்ஸ் குடுப்பா, கத்தாதீக,” என்றான் ஸ்ரீராம்குமார். தகப்பனாரின் தொழிலில் அவனுக்கு அவ்வளவுதான் பழக்கம். தெரிந்த தகப்பனாரோ தன் பேச்சைத் தானே வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். வேறு எதுவும் காதில் விழவில்லை. பாதுகாப்பே எங்கள் மூச்சு என்று திரையில் அவர் சொன்னபோது பொடி குத்துவிளக்கை எட்டியது.

வெளிச்சம்தான் முதலில் வந்தது. விருந்தாளிகள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். மகன் அவர்களுக்கு முன்னால் ஓடினான். கீர்த்திகா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்து, டிவிடியை மாற்றிக் கை கழுவும் பாடத்தைப் போட்டாள். வெள்ளைக் கோட்டு அம்மாள் வந்தார், நிலைமையைப் பார்த்தார், குழாயைத் திருப்பினார்.

கனகசபாபதி பிழைத்தார். கையிரண்டும் மார்பும் வெந்திருந்தன. மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். இந்தத் தண்ணீர் அங்கே கிடைக்காது என்று பெரிய டாக்டர் சொன்னதும் இங்கேயே இருக்கச் சம்மதித்தார். உதுமானுக்கு அடுத்த கட்டில் காலியாக இருந்தது, அதில் கனகசபாபதியைப் படுக்கவைத்தார்கள். முதல் நாள் கழுவுகிற நேரம் வந்தபோது எரிச்சல் தாங்காமல் முனகினார். பீவி ஜான் வேறொரு கட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, மொதல்ல இங்கன ஊத்து. இது என் டிவி.”

“ஆமா அண்ணாச்சி, ஒங்க டிவிதான்,” என்றாள் அவள். “இவுகளுக்கு முடியட்டும். அடுத்து நீங்கதான்.”

சொன்னபடி அவருக்கும் ஊற்றினாள். மற்றவர்களுக்கு ஊற்றியதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். தண்ணீர் வழிந்த முகத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

கார்த்திகையில் உதுமான் தன் இரண்டு காலால் நடந்து வீட்டுக்குப் போனார். பொங்கலுக்கு முன்பாகக் கனகசபாபதியும் போனார். ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் என்ன யோசித்தார் என்று ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். தை கடைசியில் ஒரு லாரி வந்து, வார்டு வாசலில் கருங்கல் ஒன்றை இறக்கி நட்டுவிட்டுப் போனபோது தெரிந்துவிட்டது. நல்ல தண்ணீர் உபயம், வள்ளல் கனகசபாபதி என்று பொன் எழுத்தில் வெட்டியிருந்தது.

பெண்கள் யாரும் அதைப் பிடுங்கிப் போடச் சொல்லவில்லை. நிறைகுடத்தை ஒரு நிமிசம் இறக்கிவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு இடுப்புக்கு ஏற்ற, கல் வாகான உயரத்தில் இருந்தது.