இரண்டு விசாவில் ஒன்று

மாளவிகாவுக்குப் பள்ளியில் வழியனுப்பு நடத்திவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் பூஜப்புரைப் பக்கம் ஒரு பழைய மாடி வீட்டில் நடக்கும் சின்னப் பள்ளி அது. பேச்சு வராத, நடை சரியாக வராத பிள்ளைகள் அங்கே படித்தார்கள். லிபி டீச்சர் ஒரு கேக் வாங்கி வந்து, அதன் மேல் சர்க்கரையில் செய்த ஒரு விமானத்தை நிறுத்தியிருந்தாள். மாளு அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆஷா கர்ச்சீப்பால் மகளின் வாயைத் துடைத்தாள்.

"அங்க போய் எங்களை மறந்துடக் கூடாது, கேட்டோ சேச்சி" என்றாள் லிபி டீச்சர். எல்லைப் பக்கத்துப் பாறசாலைக்காரி. தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒன்றாகவே வரும்.

ஆஷா தம்பானூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பார்த்துவந்த வேலையை முந்தின மாதமே விட்டிருந்தாள். கணவன் சுமந்த் வெளிநாடு போய் ஒரு வருஷம் கடந்திருந்தது. அங்கே பாலம் கட்டும் கம்பெனி ஒன்றில் என்ஜினீயர். இங்கே வெயில் தொடங்கும்போது அங்கே குளிர் தொடங்கும். அப்படி ஒரு தேசம். அதன் பெயரைச் சொல்ல ஆஷாவுக்கு இப்போது பிடிப்பதில்லை.

கரமனை அக்ரஹாரத்தில் மாமியார் ஜெயலக்ஷ்மியோடுதான் ஆஷாவும் மாளுவும் இருந்தார்கள். மாமனார் காலமாகிப் பல வருஷம். மாளுவுக்கு எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு ஜுரம் வந்து வலிப்பில் கொண்டுபோய் விட்டது. அதன் பிறகு பேச்சு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பசித்தால் தட்டைத் தட்டுவாள். பிடித்தவர்களின் காதை மெல்ல இழுப்பாள். அதுதான் அவளுடைய பாஷை.

சுமந்த் ஆஷாவுக்குப் பார்ட்னர் விசாவுக்கும் மாளுவுக்குக் குழந்தை விசாவுக்கும் சேர்த்தே விண்ணப்பித்திருந்தான். மெடிக்கலுக்குக் கொச்சி போக வேண்டியிருந்தது. ரயிலில் வழி முழுவதும் மாளு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள். டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார். மாளு ஒரு கட்டையை எடுத்து அவர் கோட்டுப் பைக்குள் போட்டு, எட்டி அவர் காதை இழுத்தாள். அவர் சிரித்தார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு ஆஷா ஊர் திரும்பினாள்.

வழியனுப்பு முடிந்த அடுத்த வாரம் பதில் வந்தது. ஆஷாவுக்கு விசா கிடைத்திருந்தது. மாளுவுக்கு இல்லை. அவளுடைய வைத்தியத்துக்கும் படிப்புக்கும் ஆகக்கூடிய செலவு அந்த நாட்டுக்குப் பாரம் என்று மரியாதையான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆஷா போனை மாமியாரிடம் நீட்டினாள். ஜெயலக்ஷ்மி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். முடித்ததும் மறுபடி மேலேயிருந்து வாசித்தாள்.

"பாரம்ங்கறானா?" என்று மட்டும் கேட்டாள்.

சுமந்த் போனில் அந்தப் பதிலை ஒருமுறை வாய்விட்டு வாசித்தான். பிறகு, "லாயர் வெச்சு அப்பீல் பண்றேன். நீ கவலைப்படாதே" என்றான். மாளுவுக்காகச் சுவரோரம் கைப்பிடி பொருத்திய வீடாகத் தேடிப் பிடித்திருந்தான். கட்டிலும் வாங்கிப் போட்டாயிற்று. விழுந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த கட்டில்.

அப்பீல் நடந்த மாதங்களில் ஆஷாவுக்குத் தெருவில் நடப்பதே கஷ்டமாக இருந்தது. கோயிலுக்குப் போனாலும், பால் வாங்கப் போனாலும், "இன்னும் போகலையா?" என்ற கேள்வி. மாளுவைப் பள்ளிக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனபோது அவளுடைய இடத்தில் வேறொரு குழந்தை உட்கார்ந்திருந்தது. லிபி டீச்சருக்கு முகம் வாடிவிட்டது.

"சேச்சி, நீங்க போயாச்சுன்னு நெனச்சு... ஜூன்ல ஒரு இடம் வரும். அதுவரைக்கும் நான் சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன். நீங்க விஷமிக்காதீங்க, சங்கடப்படாதீங்க."

மாளு தன் பழைய நாற்காலியை நோக்கிப் போனாள். அதில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவளை அங்கிருந்து நகர்த்த ஆஷா தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

அப்பீலும் தள்ளுபடியானது. ஆஷாவின் விசாவுக்கோ கெடு இருந்தது. அதற்குள் அந்த நாட்டுக்குள் போய்ச் சேராவிட்டால் அதுவும் போய்விடும். சுமந்த் இதைச் சொல்வதற்குப் பல நாள் சுற்றி வளைத்தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னான்.

"நீ மட்டும் வந்து கொஞ்ச நாள் இரு, ஆஷா. இங்க நமக்கு நிரந்தரமாயிட்டா அப்புறம் வேற வழி கிடைக்கும்ங்கறார் லாயர். அம்மா பாத்துப்பா இல்லியா?"

"கொழந்தையை விட்டுட்டா?"

"விட்டுட்டுன்னு ஏன் சொல்றே?"

ஆஷா போனை வைத்துவிட்டாள். ஆனால் மறுநாள் மாமியாரே வந்து பேச்சை எடுத்தாள். மாளுவுக்குத் தலை வாரிக்கொண்டே, ஆஷாவைப் பாராமல் சொன்னாள்.

"போய்ட்டு வா. இவளை நான் பாத்துக்கறேன். அவனும் ஒண்டியா எத்தனை நாள் இருப்பான்? கல்யாணம் பண்ணிண்டது இப்படி ஆளுக்கொரு கரையில நிக்கறதுக்கா?"

ஆஷா போனாள்.

அங்கே எல்லாம் சுமந்த் சொன்னபடியே இருந்தது. மலைச்சரிவில் மர வீடு. சுவரோரம் கைப்பிடி. தடுப்பு வைத்த கட்டிலில் விரிப்பு போட்டு வைத்திருந்தான். முதல் வாரம் ஆஷா அந்த அறைக்குள் போகவில்லை. தினமும் ஊருக்குப் போன் செய்தாள். மாளு திரையைப் பார்க்கமாட்டாள். ஜெயலக்ஷ்மி அவள் முகத்தைத் திருப்பிப் பிடித்து, "இதோ பார், அம்மா" என்பாள். மாளு பாட்டியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்ப்பாள். அதற்குள் நேரம் ஆகிவிடும்.

ஆனால் சுமந்த் மாறியிருந்தான். திருவனந்தபுரத்தில் ஆபீஸ் விட்டு வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் உட்காருகிறவன், இங்கே சமைத்தான், பக்கத்து வீட்டுக்காரரோடு நின்று பேசினான், அவளைக் காரில் வைத்து ஏரிக்கரை எல்லாம் சுற்றினான். ராத்திரியில் யாரும் அழுது எழுப்பவில்லை. ஆஷா முழுத் தூக்கம் தூங்கினாள். கல்யாணமான புதிதில் இருந்ததுபோல் சில நாட்கள் இருந்தன.

ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போனார்கள். சுமந்த் தேங்காய் என்று நினைத்து ஏதோ ஒரு காயை வாங்கிவந்து, அதை உடைக்க முடியாமல் திண்டாடினான். ஆஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோதுதான், காலையில் எழுந்ததிலிருந்து மாளுவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?" என்றான் சுமந்த்.

"நான் போகணும்."

"எங்க?"

"ஆத்துக்கு. மாளுகிட்ட."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "அவ அங்க நன்னாத்தானே இருக்கா? அம்மா ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலை. நன்னாத்தான் இருக்கா. நானும் இங்க நன்னா இருக்கேன். அதான் எனக்குப் பயமா இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் இங்க இருந்தா எனக்குப் பழகிடும்."

"பழகினா அதுல என்ன தப்பு?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அன்று சாயங்காலம் முதல்முறையாக அந்த அறைக்குள் போய், கட்டில் விரிப்பை மடித்து அலமாரியில் வைத்தாள்.

ஊர் திரும்பியபோது மாளு பாட்டியின் மடியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆஷா பையை அப்படியே போட்டுவிட்டு மண்டியிட்டுக் கையை நீட்டினாள். மாளு அவளைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிப் பாட்டியின் தோளில் புதைத்துக்கொண்டாள். ஆஷா நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"தூக்கம் சரியா இல்லை அவளுக்கு. அதான்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

அன்று மத்தியானம் மாளு தூங்கிய பிறகு மாமியார் கேட்டாள். "யாரும் உன்னை வரச் சொல்லலையே ஆஷா. நான் சரியா பாத்துக்கலையா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. என்னால அங்க இருக்க முடியலை."

"உன்னால முடியலை. சரி." ஜெயலக்ஷ்மியின் குரல் இறங்கியது. "உனக்கு உன் பொண்ணுகிட்ட வரணும்னு இருந்தது, ஓடி வந்துட்டே. நானும் ஒரு பிள்ளையைப் பெத்தவதானே? அவன் அங்க ஒண்டியா உக்காந்து சாப்பிடறான். அவனுக்கு ஒருத்தி வேணும்னுதான் இந்த வயசுல இதைத் தூக்கிச் சுமந்தேன். அது உனக்குத் தெரியலையா?"

மாமியார் அதற்கு முன்னால் ஒருநாளும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அடுத்த சில நாட்கள் இருவரும் சாதம் வேணுமா, ஜலம் வேணுமா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. மாளு ஆஷாவிடம் சாப்பிட மறுத்தாள். குளிக்க மறுத்தாள். ஆஷா தலை வாரப் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு பாட்டியிடம் போனாள். லிபி டீச்சர் சாயங்காலங்களில் வந்து மாளுவோடு உட்காரும்போது ஆஷா கதவோரம் நின்று பார்த்தாள்.

ஒருநாள் கரமனை ஆற்றங்கரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படியில் உட்காரவைத்திருந்தபோது, மாளு தானாகவே கையை உயர்த்தி ஆஷாவின் காதைப் பிடித்து மெல்ல இழுத்தாள். ஆஷா அசையவில்லை. அசைந்தால் விட்டுவிடுவாளோ என்று பயந்தாள்.

ஜூனில் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆடிட்டர் ஆபீசில் பழைய இடம் போயிருந்தது. வேறொரு ஆபீசில் பாதி நாள் வேலை கிடைத்தது.

டிசம்பரில் சுமந்த் லீவில் வந்தான். மாளுவுக்கு ஒரு மெத்தென்ற கோட்டு வாங்கி வந்திருந்தான். இந்த ஊரில் அதை எங்கே போடுவது? இருந்தாலும் மாளு அதைக் கழற்றவிடாமல் வியர்க்க வியர்க்கப் போட்டுக்கொண்டு திரிந்தாள். அவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தான். ஜெயலக்ஷ்மி வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் அத்தனை நாள் கழித்துக் களை வந்திருந்தது.

அவன் புறப்படுவதற்கு முன்னால் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஆஷா கேட்டாள். "இங்கயே வேலை தேடிண்டு வந்துடுங்கோளேன்."

சுமந்த் கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தான். எல்லாம் எடுத்த பிறகுதான் பேசினான்.

"தேடினா கிடைக்கும். நான் தேடலை, ஆஷா. உன்கிட்ட பொய் சொல்ல வேண்டாம்னு பாக்கறேன். இங்க இருந்தப்போ தினமும் ஆத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஸ்கூட்டரை நிறுத்திட்டு அந்தத் தெருமுக்குல கொஞ்ச நேரம் நிப்பேன். உனக்குத் தெரியாது. அங்க போனப்புறம்தான் மூச்சு விடறேன். மாளுன்னா எனக்கு உயிர். ஆனா என்னால தினமும் முடியலை."

ஆஷாவுக்குக் கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளும் எதிர்பார்த்தாள். ஆனால் அந்தச் சந்தைச் சனிக்கிழமையில் தான் சிரித்த சிரிப்பு அவளுக்குத் தெரியும். அவன் சொன்னது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்துவிட்டதே என்பதுதான் அவளுக்குப் பெரிய வலியாக இருந்தது.

"வருஷா வருஷம் வருவேளா?" என்று கேட்டாள்.

"வருவேன்."

"அப்போ அம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம். நீங்க ட்ரை பண்ணிண்டு இருக்கேள்னே இருக்கட்டும்."

அவன் தலையாட்டினான். பிறகு அங்கேயே நின்று அழுதான். ஆஷா துணிமூட்டையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு அவன் முதுகில் கை வைத்தாள்.

ஏர்போர்ட்டுக்கு ஆஷாவும் மாளுவும் மட்டும் போனார்கள். முழங்கால் வலி என்று ஜெயலக்ஷ்மி வரவில்லை. உள்ளே போகும் வாசலில் சுமந்த் மாளுவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். ஆஷாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். பின்னால் வரிசை நெருக்கியது. பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனவன் பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக நடந்தான். ஒரு தூணுக்குப் பின்னால் மறையும்வரை ஆஷா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பவில்லை.

ஆட்டோவில் வரும் வழியிலேயே மாளு தூங்கிவிட்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஷா வீட்டுக்குள் வந்தபோது ஜெயலக்ஷ்மி கூடத்தில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"போய்ட்டானா?"

"போய்ட்டார்மா."

"உள்ள போறப்போ திரும்பிப் பாத்தானா?"

"பாத்தார். ரெண்டு தடவை. உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னார்."

ஜெயலக்ஷ்மி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து வந்து, தூங்கும் குழந்தையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "கையைக் காலை அலம்பிண்டு வா. ரசம் சுட வைக்கறேன். நீ காலம்பரலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றாள்.