விரிப்பின் மறுமுனை

அக்கா என்னை "நீங்க" என்று கூப்பிட்ட அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. முப்பத்தெட்டு வருஷமாக "ஏய்", "வாடி", கோபம் வந்தால் "அடியே" என்று அழைத்தவர். என் கணவரின் அண்ணன் மனைவி. ஓரகத்திகள் என்றால் சண்டைக்காரிகள் என்று ஊரில் ஒரு பெயர் உண்டே, அதை நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் கெடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் டீத் தம்ளரை வாங்கிக்கொண்டு, "உங்களுக்குத்தான் வீண் சிரமம்" என்கிறார்.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. "எதிர்த்துப் பேசாதீங்க, குரலை உயர்த்தாதீங்க, இதமா நாலு வார்த்தை பேசுங்க" என்றார். பேசினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு தேன் ஒழுகப் பேசினேன். பேசப் பேச அக்கா விலகித்தான் போனார். பின்னே? அவருக்குத் தெரிந்த நான் என்றைக்கு இதமாகப் பேசினேன்? யாரோ வீட்டுக்காரம்மா என்று நினைத்துவிட்டார். பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்து, "இருட்டுறதுக்குள்ள கிளம்புறேங்க, வீட்ல தேடுவாங்க" என்பார்.

அவர் மகனும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனான். "சித்தி, அம்மாவுக்கு இங்க ஒட்டல. சனிக்கிழமை வர்றேன். அப்பவும் போறேன்னு சொன்னாங்கன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று போனில் சொன்னான். நல்ல பிள்ளை. திட்டவும் வாய் வரவில்லை. ஆனால் அவரும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு இருப்பேன்? அதை அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

கீழே இப்போது மருந்துக்கடை இருக்கிற இடத்தில்தான் எங்கள் லாண்டரி இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் இரண்டு லாட்ஜுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்தோம். அண்ணன் தம்பி இருவரும் மெஷினைப் பார்த்துக்கொள்வார்கள்; மடிப்பது நாங்கள். அவர்கள் இரண்டு பேருமே இப்போது உயிரோடு இல்லை. ஜன்னல் கண்ணாடி நாள் பூராவும் நீராவியில் வியர்த்திருக்கும். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது, அதனால்தான் எங்கள் உறவு பிழைத்தது. ஒரு முறை ஒரு குக்கர் மூடிக்காகப் பதினோரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் தினமும் இருநூறு விரிப்பு மடித்தோம். அக்கா தன் முனையை ஒரு சுண்டு சுண்டினால் "இறுக்கிப் பிடி". இரண்டு சுண்டினால் "கிட்ட வா". மூன்று என்றால் வசவு. நான் பதிலுக்கு நான்கு சுண்டுவேன். நினைத்தால் இப்போதும் சூடான துணி வாசனை மூக்கில் ஏறுகிறது. நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

சனிக்கிழமை மகன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா பையோடு எழுந்துவிட்டார். "டாக்சி வந்துடுச்சா?" என்று அவனையே கேட்டார். அவன் முகம் செத்துவிட்டது.

"நீங்களே பாருங்க சித்தி," என்றான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மொட்டைமாடிக்குப் போய்க் கொடியில் காய்ந்த விரிப்புகளை உருவி, அள்ளிவந்து கட்டிலில் தொப்பென்று போட்டேன்.

அக்கா குவியலைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். ஒரு விரிப்பின் மூலைகளைத் தேடிப் பிடித்து நீட்ட, பக்கத்தில் நின்ற மகன் மறுமுனையை வாங்கினான். அவர் வலக்கையை இடக்கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். அவனும் அப்படியே செய்தான். விரிப்பு நடுவில் முறுக்கிக்கொண்டது. உதறி மறுபடி செய்தார்கள், மறுபடியும் முறுக்கு.

"உனக்கு வராது, விடு. அவளைக் கூப்பிடு."

"யாரைம்மா?"

"அவதான். நொட்டாங்கை."

என்னைத்தான். நான் இடதுகைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் நான் எதை எடுத்தாலும் மாமியார் முகம் சுளிப்பார். கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அலைந்தேன். லாண்டரியில் முதல் நாள் ஒரு விரிப்பின் முனையைக் கொடுத்துப் பார்த்த அக்கா, "எதிரெதிர நிக்கும்போது இவ இடதும் என் வலதும் ஒரே பக்கம். முறுக்கவே இல்ல பாருங்க. இவளை எனக்கு விட்டுடுங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு என் கையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவர் மட்டும் அதையே பெயராக்கி வாய் நிறையக் கூப்பிட்டார்.

மகனிடமிருந்து முனையை வாங்கினேன். சேர்த்தோம். விரிப்பு முறுக்கவில்லை. அவர் இரண்டு சுண்டு சுண்டினார், நான் கிட்டப் போனேன்.

"மூலை தொங்குதுக்கா, ஒழுங்காப் பிடிங்க!" என்றேன். டாக்டர் மன்னிக்கட்டும்.

"முதல்ல உன் முனையைப் பாருடி."

கண் நிறைந்து எனக்கு எந்த முனையும் தெரியவில்லை. இரண்டு விரிப்பு மடித்து முடித்தோம். பிறகு மகன் மெல்ல, "அம்மா, இவங்க யாருன்னு தெரியுதா?" என்றான்.

அக்கா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "தெரியலையே," என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

"அப்ப போலாமாம்மா?"

அவர் அடுத்த விரிப்பை எடுத்தார். "எப்படிப்பா வர்றது? இவ்வளவும் கிடக்கு. இவ ஒருத்தியால முடியாது, பாவம்."

"ஆமாங்க்கா," என்றேன். "என்னால முடியாது."