நீலப் பென்சில்

“பொய்யா ஒரு கட்டம் இருந்தாலும் நீங்க உங்க அண்ணன் வீட்டுக்குத்தான். என் வீட்டுப் படி ஏறக் கூடாது.”

தையற்காரி சொன்னால் சொன்னதுதான். அவள் புருஷன் பெயிண்டர். மறுவாழ்வு மையத்தின் மேஜையில் போன மாதத்துக் காலண்டர் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், எந்தெந்த நாள் எதைப் போட்டான் என்று கட்டங்களில் தீட்ட நர்ஸம்மா தந்த மூன்று பென்சில்கள். மெத் என்கிற போதைப் பவுடருக்குச் சிவப்பு, கஞ்சாவுக்குப் பச்சை, மாத்திரைக்கு நீலம்.

சனிக்கிழமைகள் சிவந்தன. ஞாயிறு தவிர மற்ற நாட்கள் பச்சையாயின. கோடு தாண்டாமல் அழகாகத் தீட்டினான்.

“நம்ம வீட்டுச் சுவரைக்கூட இவ்வளவு சுத்தமா அடிச்சதில்ல” என்றாள் அவள்.

நர்ஸம்மா எட்டிப் பார்த்தாள். “ஞாயிற்றுக்கிழமை எல்லாம் காலியா இருக்கே?”

“அன்னைக்கு நல்லாத் தூங்கிடுவேங்க.”

“பவுடர் போட்ட மறுநாளா? கண்ணே மூட விடாதே அது!”

முழுப் பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது. மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். கோணலாய் வெட்டிய துணியைப் பார்ப்பதுபோல அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூக்க மாத்திரைங்க” என்றான் தணிந்த குரலில். “மருந்துக் கடையில விக்கிறதுதானே, அதையுமா போதைக் கணக்குல எழுதணும்?”

“பின்னே, நீலப் பென்சில் எதுக்கு, காது குடையவா?” என்றாள் நர்ஸம்மா.

ஞாயிறுகளை நீலமாக்கினான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனைவிக்குத் தெரியவந்தது அவ்வளவுதான். ஆனால் கை நிற்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று பச்சையின் மேலேயே நீலம் ஏறி, கடைசியில் மாத்திரை இல்லாத நாளே இல்லை என்றாயிற்று.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மனைவியிடம் திரும்பினான். “இப்போ பொய் இல்லம்மா. நான் அண்ணனுக்குப் போன் பண்ணவா?”

நர்ஸம்மா முந்திக்கொண்டாள். “இதை மறைச்சிருந்தா எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்தச் சொல்லியிருப்போம். தினமும் போடுற மாத்திரையைத் திடீர்னு விட்டா வலிப்பு வரும். இனிமே டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.”

தையற்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “டாக்டரைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போலாம், வாங்க.”

“மூணு கலரும் இருக்கேம்மா!”

“கலரைப் பத்தி நான் பேசவே இல்லையே.”

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. “அடுத்த மாசம் பாரு, மொத்தத் தாளும் வெள்ளைதான்!”

“வாயாலே வெள்ளையடிக்காதீங்க. முதல்ல பழைய பெயிண்டைச் சுரண்டுங்க” என்றவள், மறக்காமல் அந்த நீலப் பென்சிலை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினாள்.